மூன்றாவது பதில்

மழை பெய்கிறதா என்று சந்திரமதி கடைசிக் கேள்வியாகக் கேட்டாள். இடது பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து "பெய்யுது" என்றது ஒரு குரல். வலது பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து "பெய்யலை" என்றது இன்னொன்று. அவள் மடியில் கிடந்த கங்கோங் கீரையிலிருந்து ஒரு தண்டை ஒடித்துக் கூடையில் போட்டாள். அடுத்த தண்டைக் கையில் எடுத்தாள். அதை ஒடிப்பதற்குள், "பெய்யுது" என்று மூன்றாவதாக ஒரு பதில் வந்தது.

பிள்ளைகள் இரண்டு பேர்தான்.

தகரக் கூரையில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் சோறு கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பின்பக்கச் சாக்கடையில் தண்ணீர் ஓடும் சத்தம் வேறு. இத்தனைக்கும் நடுவில் ஒரு குரல் கூடுதலாகக் கேட்பதில் என்ன இருக்கிறது, இரண்டில் ஒருத்தி இரண்டு தடவை சொல்லியிருப்பாள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் இரண்டாவது தண்டை ஒடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"விஜயா, குளியலறையிலிருந்து வா. ஜெயா, விறகு அறையிலிருந்து வா" என்றாள்.

இரண்டு கதவுகளும் திறந்தன. எட்டு வயது, ஒரே பூப்போட்ட பாவாடை, ஒரே இரட்டைச் சடை. "கண்டுபிடிச்சிட்டீங்க" என்று ஒருத்தி சலித்துக்கொண்டாள்.

"யாரு ரெண்டு தடவை பதில் சொன்னது?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாவதா சொன்னது நீங்கதானேம்மா?" என்றாள் விஜயா.

அந்த விளையாட்டை உண்டாக்கியது சந்திரமதிதான். பத்திரிகையின் ஞாயிற்றுக்கிழமை இதழில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் ஒரு புதிர் வரும். ஒரு தீவு. அதில் இரண்டு வகை மனிதர்கள். ஒரு வகையார் உண்மையைத் தவிர வேறு பேசாதவர்கள், இன்னொரு வகையார் பொய்யைத் தவிர வேறு பேசாதவர்கள். வழிப்போக்கன் ஒருவன் பாதை பிரியும் இடத்தில் நிற்கிறான். ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். என்ன கேட்பான்? அவள் அந்தப் புதிர்களைச் சமைக்கும்போது மனத்தில் போட்டு வைத்து, துவைக்கும்போது புரட்டி, விளக்கை அணைத்த பிறகு விடை கண்டு, மறுநாள் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவாள். 'திருமதி க. சந்திரமதி, காஜா பெராங், மலாக்கா' என்று அவள் பெயர் மூன்று தடவை அச்சில் வந்திருக்கிறது. அவளுடைய கணவன் கலியாணசுந்தரம் ஆலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிகாலையில் போய்விடுவான். "உனக்கு வேற வேலை இல்லையா" என்று சொல்வானே தவிர, அந்த மூன்று பக்கங்களையும் கத்தரித்துத் தன் கைப்பெட்டியில் வைத்திருந்தான்.

சரியான கேள்வி ஒன்று போதும் என்று அவள் நம்பினாள். தேங்காயைச் சரியான இடத்தில் தட்டினால் இரண்டு மூடியாகப் பிளந்துகொள்வதுபோல், உண்மை ஒரு கையிலும் பொய் ஒரு கையிலும் வந்துவிடும். மற்ற எந்த விஷயத்திலும் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததில்லை.

தன் பிள்ளைகள் விஷயத்தில் இருந்ததே இல்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வருஷம் ஆகியும் அவளால் அவர்களைப் பிரித்து அறிய முடியவில்லை. விஜயாவின் இடது காதுக்குப் பின்னால் கடுகளவு மச்சம் ஒன்று உண்டு. மச்சம் இருந்தால் விஜயா. இல்லாவிட்டால் ஜெயா. ஜெயாவுக்கென்று ஓர் அடையாளம் கிடையாது. இல்லாததுதான் அவளுடைய அடையாளம். பக்கத்து வீட்டுப் பீவிகூட நடையைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். பெற்றவளோ சடை பின்னும் சாக்கில் காதை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலை வைத்தும் சொல்ல முடியவில்லை. மூன்று வயதில் ஒரு தடவை, காய்ச்சல் விஜயாவுக்கு, கசப்பு மருந்தை ஜெயாவுக்குப் புகட்டிவிட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுக்கக் குடித்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அம்மா விஜயான்னு கூப்பிட்டீங்க, வந்தேன்" என்றது.

அதனால்தான் அந்த விளையாட்டு. சமையலறையின் பின்சுவரில் இரண்டு கதவுகள். இடது பக்கம் தண்ணீர்த் தொட்டியுள்ள குளியலறை. வலது பக்கம் விறகு அறை. நான்கடி நீளம், மூன்றடி அகலம், அதற்குப் பின்னால் பலகைச் சுவர், சாக்கடை, வேலி. கிண்ணத்தில் ஒரு சிவப்பு மஞ்சாடி விதையும் ஒரு புளியங்கொட்டையும் இருக்கும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். சிவப்பு விதை எடுத்தவள் அன்றைக்கு உண்மை மட்டும் பேசுவாள். புளியங்கொட்டை எடுத்தவள் பொய் மட்டும் பேசுவாள். ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, அவள் கேள்வி கேட்டு, எங்கே யார் என்று கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் வெளியே வருவார்கள். விளையாட்டு என்ற பெயரில் அவள் தன் பிள்ளைகளைத் தெரிந்துகொள்ளப் பழகிக்கொண்டிருந்தாள்.

விஜயா சில சமயம் ஏமாற்றுவாள், இடையில் சிரித்துவிடுவாள். ஜெயா அப்படி இல்லை. ஒருநாள் விளையாட்டின் நடுவில் வாசலுக்கு யாரோ வர, சந்திரமதி பேசிக்கொண்டிருந்துவிட்டு மறந்துபோனாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் விறகு அறையில் எறும்பு கடித்த காலோடு ஜெயா நின்றுகொண்டிருந்தாள். "நீங்க கூப்பிடலையே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலியோரம் துணி காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்த பீவி கூப்பிட்டாள். அவள் கணவர் யூனுஸுக்குப் பெண்டஹாரா சாலையில் மசாலைக் கடை. அந்த வீட்டுக் கொடியில் காயும் சட்டைகளில்கூடச் சீரக வாசனை இருக்கும்.

"என்னம்மா சந்திரமதி, கிராணியார் நேத்தே வந்துட்டாரா?"

"இல்லையே அக்கா. நாளைக்குத்தான்."

"அப்ப விருந்தாளிப் புள்ள வந்திருக்கா? ரெண்டு புள்ளைக்கு மூணு சத்தம் கேட்டுச்சு."

சந்திரமதி ஈரத் துணியைப் பிழிந்தாள். "மழைச் சத்தத்துல உங்களுக்கு அப்படிக் கேட்டிருக்கும்."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. உங்கண்ணன் கடையில இருந்து கெளம்புறப்ப இருமினாக்கூட எனக்கு இங்கே கேக்கும், அதுக்குத்தான் அந்த மனுஷன் பயப்படுறாரு." பீவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி வேலியருகில் வந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. மக்ரிபு பாங்கு சொல்ற அந்தி நேரத்துல புள்ளைங்கள ஒளிய விடாதே. இந்த ஊர்ல மலாய்க்காரங்களும் விடமாட்டாங்க, மலாய் பேசுற சிட்டி இந்து வீடுகள்லயும் விடமாட்டாங்க. அந்த நேரத்துல நாம ஒளிச்சா அதுவும் ஒளிச்சுக்கும்."

"எது அக்கா?"

"எதுன்னு சொன்னா நான் உன் வீட்டுப் பக்கம் வர முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் பீவி துணியை உதறினாள்.

அன்று முழுதும் சந்திரமதிக்கு அந்தப் பேச்சு முதுகில் ஒட்டிய ஈரச் சேலைபோல் இருந்தது. அவள் பேய்க்குப் பயந்தவள் இல்லை. விடை தெரியாத கேள்விக்குப் பயந்தவள். சாயங்காலம் ஆக ஆக, விளையாட்டை நிறுத்துவதைவிட ஒரே ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவதுதான் சரி என்று தோன்றியது. இரண்டு என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். பிள்ளைகள் விதை எடுத்துக்கொண்டு ஒளிந்தார்கள். சிட்டி வீட்டுப் பக்கமிருந்து சாம்பிராணிப் புகை மழைக்குள் தாழ்ந்து வந்தது. அவள் கேட்டாள்:

"கதவுக்குப் பின்னால நீங்க மொத்தம் எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்" என்றது குளியலறை.

"மூணு பேர்" என்றது விறகு அறை.

காத்திருந்தாள். சோறு கொதித்தது. பல்லி ஒன்று விளக்குச் சுவரில் ஓடி நின்றது.

"ரெண்டு பேர்." மூன்றாவது பதில் இரண்டு கதவுகளுக்கும் நடுவில், பலகை மட்டும் இருக்கிற இடத்திலிருந்து வந்தது. அதே குரல். அவள் பெற்ற குரல். சொல்லை வாயில் போட்டுச் சுவை பார்த்துவிட்டுச் சொன்னதுபோல் சற்று மெதுவாக.

"விஜயா, ஜெயா, ரெண்டு பேரும் வெளிய வாங்க." கூடையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். "விதையைக் காட்டுங்க."

குளியலறையிலிருந்து வந்தவள் கையில் புளியங்கொட்டை. காதை மடக்கிப் பார்த்தாள். விஜயா. பொய் சொல்ல வேண்டியவள் சொன்னது: ரெண்டு பேர். விறகு அறையிலிருந்து வந்த ஜெயா உள்ளங்கையை விரித்தாள். சிவப்பு மஞ்சாடி.

"ஏண்டி மூணுன்னு சொன்னே?"

"சிவப்பு விதைம்மா. உண்மையத்தானே சொல்லணும்" என்றாள் ஜெயா.

விளக்கை எடுத்துக்கொண்டு போய் விறகு அறையைப் பார்த்தாள். அடுக்கிய ரப்பர் விறகு, தேங்காய் மட்டை, காலி அரிசித் தகரம். நான்கு எட்டு வைக்க இடமில்லை. ஈரமான பள்ளிக்கூடச் சிலேட்டை முகத்தருகே கொண்டுவந்தால் வருமே, அந்த வாசனை மட்டும் இருந்தது.

இனிமேல் இந்த விளையாட்டு கிடையாது என்று அன்று இரவு சொன்னாள். விஜயா முணுமுணுத்தாள். ஜெயா பாயை விரித்தாள். பிறகு, பாயில் படுத்து வெகுநேரம் ஆன பின், "அதுக்கு இன்னும் விதை குடுக்கலைம்மா" என்றாள்.

சனிக்கிழமை கலியாணசுந்தரம் வரவில்லை. தோட்டத்துச் சாலையில் இடுப்பளவு தண்ணீர் என்றும் பேருந்து பாதியில் திரும்பிவிட்டது என்றும் யூனுஸ் கடை சாத்தி வரும் வழியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குடை தெருவில் மறையும்வரை சந்திரமதி முன்வாசலில் நின்றாள். தெருமுனையில் சுதந்திரத்துக்குக் கட்டிய வளைவு மூன்று மாதமாகியும் பிரிக்கப்படாமல் நின்றது. அதில் ஒட்டியிருந்த காகிதக் கொடிகள் சாயம் இறங்கி, எந்த நிறம் எது என்று தெரியாமல் மூங்கிலோடு தொங்கின. ஆகஸ்டில், கூட்டத்தில் நசுங்காமலிருக்க, பிள்ளைகள் இருவரையும் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அந்த வளைவுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது நினைவு வந்தது. இடுப்பில் இருந்தது யார்? அவள் யோசித்தாள். தெரியவில்லை. தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

அப்போதுதான் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தாள்.

நடையைத் தாண்டி சமையலறைக்கு வந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தரையின் நடுவில் கிண்ணம். காலிக் கிண்ணம். இரண்டு கதவுகளும் சாத்தியிருந்தன.

"ஒளிஞ்சாச்சும்மா. கேளுங்க."

எந்தக் கதவு என்று தெரியவில்லை.

"விளையாட்டு இல்லைன்னு சொன்னேன்ல. வெளிய வாங்க."

யாரும் வரவில்லை. அவள் குளியலறைக் கதவைப் பிடித்து இழுத்தாள். திறந்தது. தொட்டியோரம் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றாள். காதை மடக்கினாள். மச்சம். விஜயாவை வாரி இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டு, விறகு அறைக் கதவை இழுத்தாள்.

திறக்கவில்லை. மழையில் பலகை ஊதியிருக்கும். ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். அசையவில்லை. உள்ளே ஏதோ கதவோடு உரசியது. பாவாடை உரசுவதுபோல். இரண்டு பாவாடைகள் உரசுவதுபோல்.

"ஜெயா?"

"அம்மா" என்றது ஒரு குரல். "நான்தான் ஜெயா. பயமா இருக்கும்மா. இருட்டா இருக்கு. என்னைக் கூப்பிடுங்க."

"நான் ஜெயா இல்லை" என்றது அதே குரல், இன்னும் கொஞ்சம் உள்ளேயிருந்து. "எனக்குப் பயமா இல்லை. நான் வரமாட்டேன். கூப்பிடாதீங்க."

ஒரே குரல். ஒரே மூச்சிரைப்பு. அவள் நெற்றியைப் பலகையில் வைத்தாள். கேள். ஏதாவது கேள். ஒரு கேள்வி போதும். ஆனால் அவள் தலைக்குள் எந்தத் தீவும் இல்லை, எந்த வழிப்போக்கனும் இல்லை. பாங்கு முடியப் போகிறது.

"நான்தான் ஜெயா. அம்மா. அம்மா."

"நான் இல்லை. நான் ஜெயா இல்லை."

எந்தப் பிள்ளை பயத்தில் விளையாடும்? பயந்த பிள்ளை அம்மா என்றுதான் அழும். தன் பெயரைத்தான் சொல்லும். இது புதிர் இல்லை. இது வயிறு. பெற்ற வயிற்றுக்குத் தெரியும் என்பார்களே, இப்போதாவது தெரிய வேண்டும்.

"ஜெயா" என்று கூப்பிட்டாள். "நான்தான் ஜெயான்னு சொன்னியே, நீ வா. என் கண்ணு, வெளிய வா."

கதவு தானாகத் திறந்தது. ஊதிப்போன பலகையின் உரசல்கூட இல்லை. பிள்ளை ஓடிவந்து அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தலைமுடி ஈரமாக இருந்தது. சந்திரமதி அதை அணைத்துக்கொண்டே காலால் கதவைத் தள்ளிச் சாத்தித் தாழ்போட்டாள். உள்ளேயிருந்து சத்தம் இல்லை. ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து இருவரையும் இரண்டு பக்கமும் சேர்த்துக்கொண்டு அழுதாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதாள்.

சோற்றைப் பிசைந்து உருட்டி ஆளுக்கொரு வாயாக ஊட்டினாள். ஜெயா நன்றாகச் சாப்பிட்டாள். வழக்கமாக ஒதுக்கும் கீரையையும் சாப்பிட்டாள். விஜயாதான் வாயைத் திறக்கவில்லை. வலது கை இறுக மூடியிருந்தது.

"கையில என்ன?"

"காட்டலாமா? விளையாட்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சு போச்சு. காட்டு."

விஜயா விரித்தாள். வியர்வையில் நனைந்த சிவப்பு மஞ்சாடி விதை.

சந்திரமதி அதைப் பார்த்தாள். சோற்று உருண்டை கையில் இருந்தது. அடுப்பில் ஒரு கட்டை வெடித்தது. மெதுவாக, எவரோ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவதுபோல், அவள் மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கியது. சிவப்பு விதை விஜயாவிடம். அப்படியானால் புளியங்கொட்டை ஜெயாவிடம். புளியங்கொட்டை எடுத்தவள் பொய் மட்டுமே சொல்ல வேண்டும். ஜெயா விளையாட்டை மீறமாட்டாள். எறும்பு கடித்தாலும் மீறமாட்டாள். அப்படிப்பட்ட ஜெயா இன்றைக்கு 'நான் ஜெயா' என்று சொல்லியிருக்கவே முடியாது.

'நான் ஜெயா இல்லை' என்றுதான் சொல்லியிருப்பாள்.

எனக்குப் பயமா இல்லை. கூப்பிடாதீங்க.

சோறு கையிலிருந்து விழுந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளை அதைத் தரையிலிருந்து பொறுக்கித் தட்டில் வைத்தது.

"உன் விதை எங்கே?" சந்திரமதிக்குத் தன் குரலே தெரியவில்லை. "புளியங்கொட்டை. எங்கே?"

பிள்ளை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டியது. "என்கிட்ட இல்லைம்மா. அது உள்ளே இருக்கு."

அந்த இரவு அவள் தாழைத் திறந்தாள். விறகை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டாள். மட்டைகள், தகரம், கரப்பான் பூச்சிகள். பின்பலகையை அரிவாள்மணையால் நெம்பினாள். மழையும் சாக்கடையும் தெரிந்தன. சத்தம் கேட்டுப் பீவி குடையோடு வந்தாள். பிள்ளைகள் இருவரும் சமையலறை வாசலில் நின்றார்கள். பீவி அவர்களைப் பார்த்தாள். அடுத்து, நடையைப் பார்த்தே சொல்லிவிடுகிற அந்தப் பீவி, ஒரு பிள்ளையை மட்டும் நீண்ட நேரம் பார்த்தாள். அது அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தது. பீவி விஜயாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ இன்னைக்கு என் வீட்டுல படுக்கட்டும்" என்றாள். மற்றதன் பக்கம் திரும்பாமல் குடையை விரித்தாள்.

தண்ணீர் வடிந்து செவ்வாய்க்கிழமை வந்த கலியாணசுந்தரம் மகளை மடியில் வைத்துக்கொண்டான். "என்ன சொல்றே நீ? ஜெயா நல்லாத்தானே இருக்கா."

"அது ஜெயா இல்லைங்க."

"வேற யாரு?"

அவள் எதைக் காட்டுவாள். அந்த உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாகிவிட்டது. ஓர் அடையாளமும் இல்லை. ஜெயாவுக்கும் அப்படித்தான்.

"தனியா இருந்து இருந்து உனக்கு மனசு கெட்டுப் போச்சு. அந்தப் புதிரெல்லாம் வேண்டாம்னு நான் முன்னாலயே சொல்லியிருக்கணும்" என்றான் அவன், கோபமில்லாமல். மடியிலிருந்த பிள்ளை அவன் சட்டைப் பொத்தானைத் திருகியபடி, "அம்மா பாவம்பா" என்றது.

மறுநாள் அவன் பக்கத்துக் கடைக்குப் போன நேரத்தில், மக்ரிப் பாங்குக்குச் சற்று முன்பு, சந்திரமதி விறகு அறைக் கதவின் முன்னால் மண்டியிட்டாள். பலகைச் சுவரை அவன் திரும்ப அடித்து வைத்திருந்தான். உள்ளே வெறும் தரை.

"யாரு இருக்கீங்க?" என்றாள்.

கதவுக்குள்ளிருந்து, "யாரும் இல்லை" என்றது அவள் பிள்ளையின் குரல்.

அவள் வாயைப் புடவையால் அடைத்துக்கொண்டாள். பிறகு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக, "ஜெயா. வா" என்றாள்.

"என்னம்மா?" என்று அவள் தோளுக்குப் பின்னால் கேட்டது. குளிர்ந்த விரல்கள் அவள் கழுத்தைத் தொட்டன. "கூப்பிட்டீங்களே. வந்துட்டேன்."

பெயர் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் அதுதான் வந்தது. கண்ணே என்று கூப்பிட்டாள், செல்லமே என்று கூப்பிட்டாள். அதுவும் வரவில்லை, கதவுக்குள் இருந்தவளும் வரவில்லை. பெயர் சொன்னால்தான் வெளியே வரலாம். பெயரை அவள் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் பிறந்தது. ஞாயிறு இதழ்கள் பிரிக்கப்படாமல் அலமாரிமேல் சேர்ந்தன. விஜயா பீவி வீட்டிலேயே தூங்கினாள். பகலில் வந்தால் பின்கட்டுக்கு வரமாட்டாள். சந்திரமதி ஒவ்வொரு சாயங்காலமும் கீரைக் கூடையோடு அந்தக் கதவின் முன்னால் உட்கார்ந்தாள். மழை நின்றிருந்த ஒரு நாள், வீட்டில் வேறு சத்தமே இல்லாத ஒரு நேரம், அவள் கேட்டாள்:

"அங்க இருட்டா இருக்கா கண்ணு?"

"இல்லைம்மா. வெளிச்சமா இருக்கு."

ஒவ்வொரு பதிலையும் திருப்பிப் போட்டுக் கேட்க அவள் பழகியிருந்தாள். திருப்பிப் போடும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஏதோ ஒன்று பிரிந்தது.

"பசிக்குதா?"

"பசிக்கவே இல்லை."

"விளையாட்டு முடிஞ்சு போச்சும்மா. நிசமாவே முடிஞ்சு போச்சு. பொய் சொல்ல வேண்டாம்."

"நான் பொய் சொல்லலையே."

குரல் மெலிந்திருந்தது. சந்திரமதி கதவில் காதை வைத்தாள். பலகை குளிர்ந்திருந்தது. இத்தனை நாளும் கேட்காத கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது. கேட்கப் பயந்து வைத்திருந்த கேள்வி.

"அங்க உன்கூட யாராவது இருக்காங்களா?"

பாங்கு தொடங்கியது. முடிந்தது. எங்கோ நாய் ஒன்று குரைக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டது.

"யாரும் இல்லைம்மா" என்றாள் ஜெயா. "நான் மட்டும் தனியாத்தான் இருக்கேன்."

அதற்குப் பின்னால், சற்று உள்ளே, வேறொரு பிள்ளையின் குரல், "யாரும் இல்லைம்மா" என்றது. அதற்கும் பின்னால் ஒரு சிறுவன், அதையே மலாயில், "தாக் அடா, மாக்" என்றான். அவனுக்கும் பின்னால் ஒன்று. இன்னும் பின்னால் ஒன்று. யாரும் இல்லை. யாரும் இல்லை. நான்கடி நீள அறைக்குள் குரல்கள் தெருக்கோடி தூரத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன, ஒன்றைவிட ஒன்று மெலிந்து, ஒன்றைவிட ஒன்று பழையதாகி.

அவளுக்குப் பக்கத்தில், ஜெயா என்று கூப்பிட்டால் வருவது சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு, கங்கோங் தண்டுகளை ஒடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு குரலுக்கு ஒரு தண்டு.

கூடை நிரம்பிக்கொண்டிருந்தது.